மூன்று சுழி 'ண'வும் நானும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, இந்த வருஷம் நீதான் பேசணும். என்ன தலைப்பு?" என்று கேட்டார். "ஃபான்ட்டுங்கண்ணே, எழுத்துரு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அதுல அரை மணி நேரம் பேச என்னப்பா இருக்கு?" என்றார்.

நியாயமான கேள்விதான். நான் இணையதளம் வடிவமைக்கிற வேலைக்கு வந்தது 1998-இல். அன்றைக்கு எனக்குப் பிடித்த எழுத்து வேறு, பத்து வருஷம் கழித்துப் பிடித்தது வேறு, இன்றைக்குப் பிடிப்பது வேறு. சட்டை ஃபேஷன் மாதிரி இது மாறிவிட்டுப் போயிருந்தால் உங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ஃபான்ட் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன காரணத்தால், நம் கல்லூரிக்குச் சொந்தமான ஒரு பொருள் கிட்டத்தட்டக் காணாமலே போக இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் 1998-க்குப் போவோம். அன்று ஒரு இணையப் பக்கத்தில் நாம் கேட்கும் ஃபான்ட், பார்ப்பவருடைய கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தால்தான் தெரியும். இல்லையென்றால் அவரிடம் இருக்கிற வேறு ஏதாவது அந்த இடத்தில் வந்து உட்காரும். ஆகவே டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில எழுத்துகள்தான் கைவசம். எனக்கு அது போதவில்லை. காமிக் சான்ஸ் என்றொரு ஃபான்ட் இருக்கிறது. மைக்ரோசாஃப்டில் வின்சென்ட் கானேர் என்பவர் 1994-இல் வரைந்தது. ஒரு கார்ட்டூன் நாய் பேசுகிற வசனத்துக்கு டைம்ஸ் நியூ ரோமன் பொருந்தவில்லை என்று தோன்றியதால் அவர் அதை வரைந்தார். நாய்க்காகப் பிறந்த அந்த எழுத்தை நான் ஒரு இரும்புக் கடை இணையதளத்துக்குப் போட்டேன். தலைப்புக்கு இம்பாக்ட், உள்ளே காமிக் சான்ஸ், விலாசத்துக்கு வேறொன்று. ஒரே பக்கத்தில் ஐந்து ஃபான்ட். கடைக்காரருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். படித்தவர் யாராவது இருந்தார்களா என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

அடுத்து ஒரு கல்யாண மண்டபம். தமிழில் வேண்டும் என்றார் உரிமையாளர். தமிழ் எழுத்தைப் படமாக்கி ஒட்டுவதுதான் அன்று சுலபமான வழி. சின்னதாக, நாசூக்காக இருக்கட்டும் என்று 12 புள்ளி உயரத்தில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையில் போன். "என்ன தம்பி, திருமண மண்டபம்னு போடச் சொன்னா, திருமன மன்டபம்னு போட்டிருக்கே? ஊரே சிரிக்காதா?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று சுழி 'ண'தான் இருக்கிறது. பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் இரண்டு சுழி 'ன' ஆகிவிடுகிறது. என்னவென்றால், அன்றைய திரையில் அந்த உயரத்துக்கு மூன்று சுழி போட இடமே கிடையாது. ஒரு சுழி அடைத்துக்கொண்டு கறுப்பாகிவிடும். மணம், மனம் ஆகிவிடும். எழுத்துப்பிழை என்னுடையது இல்லை. ஆனால் பிழை என்னுடையதுதான்.

அந்தச் சமயத்தில்தான் வெர்டானா, ஜார்ஜியா என்ற இரண்டு எழுத்துகளை உருப்படியாகக் கவனித்தேன். இரண்டும் 1996-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டவை. வரைந்தவர் மாத்யூ கார்ட்டர் என்ற ஆங்கிலேயர். இவரைப் பற்றி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இளவயதில் ஹாலந்தில் ஒரு பழைய அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து, எஃகில் எழுத்து வெட்டுகிற வேலையைக் கையால் கற்றுக்கொண்டவர். 1978-இல் அமெரிக்கத் தொலைபேசி டைரக்டரிக்கு பெல் சென்டெனியல் என்று ஒரு எழுத்து செய்து கொடுத்தார். டைரக்டரித் தாள் மட்டமானது, எழுத்து பொடி, மை கசியும். அதனால் கோடுகள் சேருகிற மூலைகளில் வேண்டுமென்றே சிறு பள்ளம் வெட்டிவிட்டார். மை கசிந்து அந்தப் பள்ளத்தை நிரப்பும்போது எழுத்து ஒழுங்காக நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால் எலி கடித்தது போல் இருக்கும். டைரக்டரியில் பார்த்தால் நம்பர் பளிச்சென்று தெரியும்.

வெர்டானாவிலும் அதே புத்திதான். அழகான வளைவை வரைந்துவிட்டு அதைத் திரையின் புள்ளிகளுக்குள் திணிப்பதுதான் வழக்கம். அவர் தலைகீழாகச் செய்தார். முதலில் திரையில் தெரியப்போகிற புள்ளிகளையே அடுக்கி எழுத்தைத் தீர்மானித்தார். அதற்கு ஏற்றபடி வளைவை அப்புறம் வரைந்தார். எழுத்துக்கு எழுத்து இடைவெளி தாராளம். பெரிய 'ஐ'-யும் சின்ன 'எல்'-உம் எண் ஒன்றும் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க, பெரிய 'ஐ'-க்கு மேலும் கீழும் ஒரு குறுக்குக்கோடு கொடுத்தார். எழுத்து எங்கே போய் வாழப்போகிறதோ அந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை எனக்குச் சொன்னது அந்த ஃபான்ட்தான்.

பாடம் புரிந்ததா? பாதிதான் புரிந்தது. வெர்டானா சின்ன அளவிலும் தெரிகிறது என்றதும் எல்லாவற்றையும் 10 புள்ளிக்குச் சுருக்கினேன். சாம்பல் நிறம் வேறு. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் அதுதான் எங்கள் தொழிலில் நாகரிகம். ஒரு கம்பெனியின் கணக்குப்பிள்ளை, அறுபது வயதுக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டு, மானிட்டருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "நல்லாயிருக்குங்க சார்" என்றார். மரியாதைக்குச் சொன்னார். நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2001-இல் நம் சங்கத்துக்கு ஓர் இணையதளம் செய்யச் சொன்னார்கள். நம் தமிழ்த் துறைப் பேராசிரியர் ஐயா ஒருவர் இருந்தார். பெயர் சொல்லாமலே பழையவர்களுக்குத் தெரியும். இந்த ஊரின் குளங்கள், தெருக்கள், சந்தை, பழைய நெல் மண்டி இவை பற்றி ஒன்பது கட்டுரைகள் எழுதிக் கொடுத்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நானே உட்கார்ந்து டைப் செய்து ஏற்றினேன். அந்தக் கையெழுத்துக்குப் பொருத்தமாக, தடிப்பும் மெலிவுமாக ஓடுகிற ஒரு தமிழ் ஃபான்ட்டைத் தேடிப் பிடித்தேன். ஒரு சின்ன நிறுவனம் செய்தது. அப்படி ஓர் அழகு. ஐயாவே பார்த்துவிட்டு, "அடேயப்பா, செப்பேடு மாதிரி இருக்கே!" என்றார்.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். அன்றைய தமிழ் ஃபான்ட்கள் பெரும்பாலும் ஒரு வேஷம்தான். கம்ப்யூட்டர் தன் நினைவில் வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளையும் சில குறிகளையும். ஃபான்ட் மட்டும் அவற்றின் முகத்துக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும். 'அ' வைக்க வேண்டிய இடத்தில் உள்ளே வேறு ஏதோ ஓர் எழுத்து இருக்கும். எந்த எழுத்துக்கு எந்த முகமூடி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒருவர் ஃபான்ட்டில் டைப் செய்ததை இன்னொருவர் ஃபான்ட்டில் பார்த்தால் கண்றாவியாக இருக்கும். ஆங்கிலத்தில் ஃபான்ட்டை மாற்றினால் எழுத்தின் சட்டைதான் மாறும். நமக்கோ ஃபான்ட் போனால் மொழியே போய்விடும்.

இதை யாரும் கவனிக்காமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் முடிவாயின. உலகெங்கும் இருந்த தமிழர்கள் கூடி டிஸ்கி என்ற இன்னொரு குறியீட்டை வகுத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக யூனிகோட் இருந்தது. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கென்று 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுவிட்டன. அதில் 'அ' என்றால் எந்த நாட்டில், எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் 'அ'தான். விண்டோஸ் 2000 வந்தபோது யூனிகோட் தமிழும் 'லதா' என்ற ஃபான்ட்டும் அதிலேயே இருந்தன.

அப்படியானால் 2001-இல் நான் ஏன் யூனிகோடில் செய்யவில்லை? அன்று எல்லோரிடமும் விண்டோஸ் 2000 இல்லை என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. எனக்கு லதா பிடிக்கவில்லை. தடிப்பு மெலிவு இல்லாமல் மொழுக்கென்று இருக்கிறது, செப்பேடு மாதிரி இல்லை என்று நினைத்தேன். ஐயாவின் எழுத்தை அதில் போட மனசு வரவில்லை. 2003, 2004 என்று வருஷம் ஓடி, எல்லோரும் மாறிக்கொண்டிருந்தபோதும் நான் மாற்றவில்லை. என் ரசனை உசத்தி என்ற நினைப்பு.

ஐயா 2010-இல் காலமானார். மறு வருஷம் அவருடைய மகள் வெளியூரிலிருந்து போன் செய்தார்கள். "அண்ணா, அப்பா கட்டுரை எல்லாம் நீங்கதான் நெட்ல போட்டிருந்தீங்களாமே? கையெழுத்துப் பிரதி வீடு மாத்தும்போது போயிடுச்சு. நெட்ல திறந்தா என்னென்னமோ வருது. அப்பா எழுதினது எங்கே அண்ணா?"

திறந்து பார்த்தேன். பக்கம் முழுக்க தலையில் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் டாலர் குறியும் ஆச்சரியக்குறியும். ஃபான்ட் செய்த நிறுவனம் மூடி வருஷக்கணக்காகிறது. ஃபான்ட் கோப்பு அவர்களுடைய சர்வரிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, அதுவும் போய்விட்டது. என் பழைய கம்ப்யூட்டரை எப்போதோ எடைக்குப் போட்டாயிற்று. கூகுளில் ஐயா பெயரைத் தேடினால் ஒன்றும் வராது. எப்படி வரும்? அந்தப் பக்கத்தில் தமிழே இல்லையே! பத்து வருஷமாக அங்கே இருந்தது வெறும் முகமூடி.

அன்றிரவு நான் தூங்கவில்லை என்று சொன்னால் மிகையில்லை.

காப்பாற்றியது நம் சங்க மலர்தான். 2002 மலரில் அந்த ஒன்பதில் ஒரு கட்டுரை, குளங்களைப் பற்றியது, அச்சாகியிருந்தது. நம் நூலகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. அச்சில் இருப்பதை ஒரு பக்கமும் திரையில் இருக்கும் குப்பையை மறுபக்கமும் வைத்து, இந்தக் கொம்பு எழுத்துக்கு 'க', இந்த டாலருக்கு 'று' என்று ஒவ்வொன்றாக அட்டவணை போட்டோம். 'போட்டோம்' என்கிறேன், உதவியவர்கள் அப்போது இங்கே இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள். நான்கு சனிக்கிழமை வேலை.

அதிலும் ஒரு சிக்கல். 'கொ' என்று எழுதும்போது கொம்பு முன்னால், 'க' நடுவில், கால் பின்னால் வருகிறது அல்லவா? பழைய ஃபான்ட்டில் கண்ணுக்குத் தெரிகிற அதே வரிசைதான் உள்ளேயும். யூனிகோடிலோ முதலில் 'க', அதன் பிறகுதான் உயிர்க்குறி. அப்படியே மாற்றினால் கொம்பு முந்தின எழுத்தின் தலையில் போய் ஏறிக்கொள்ளும். அந்தப் பையன்கள் அதற்கொரு சின்ன நிரல் எழுதினார்கள். கடைசியில் ஒரே ஒரு குறி மிச்சம். அச்சான கட்டுரையில் அது வரவே இல்லை. சந்தைக் கட்டுரையில், மாடு கொண்டுவரும் ஊர்களின் பட்டியலில் 'திருவள்' என்று தொடங்கி, அந்தக் குறி, பிறகு 'ர்'. ஒரு மாணவி, "சார், திருவள்ளூர்! அது 'ளூ' சார்!" என்று கத்தினார். அத்தோடு ஒன்பது கட்டுரையும் கிடைத்துவிட்டன.

2012 பொங்கலுக்கு அவற்றை மறுபடி ஏற்றினோம். எந்த ஃபான்ட்டில் தெரிந்தன தெரியுமா? நான் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய அதே லதாவில். ஐயாவின் மகள் போனில் அழுதார்கள். எழுத்து செப்பேடு மாதிரி இல்லையே என்று அவர்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என் ரசனை அப்படியே திருந்திவிட்டது என்று சொன்னால் பொய். 2008, 2009-இல் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகள் ஃபான்ட்டைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்ப வழி செய்தன. 2010-இல் கூகுள் ஃபான்ட்ஸ் வந்தது. யூனிகோட் தமிழிலேயே அழகழகான எழுத்துகள் வரத் தொடங்கின. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த காட்டமரான், ஏக் டைப் குழுவினரின் பாலூ தம்பி, முக்த மலர், கூகுளின் நோட்டோ தமிழ். பசித்தவன் பந்தியில் உட்கார்ந்த கதைதான். ஒரு தளத்தில் மெலிசு, நடுத்தரம், தடிப்பு என்று ஒரே ஃபான்ட்டின் ஐந்து கனங்களை ஏற்றினேன். 2013-இல் ஐஃபோனின் ஐஓஎஸ் 7 மெலிந்த எழுத்தோடு வந்ததும், நானும் நூல் மாதிரி எழுத்தைச் சாம்பலில் போட்டேன்.

கிராமத்திலிருந்து என் பெரியப்பா பேசினார். "ஏம்ப்பா, நீ செஞ்ச பக்கம்னு சொன்னியே, தொறந்தா வெள்ளையா இருக்கு. அப்புறமா எழுத்து வருது, வந்தாலும் தெரியலை." அவருடைய போனில் சிக்னல் ஒரு கோடு. ஃபான்ட் வந்துசேரும்வரை உலாவி எழுத்தையே காட்டாமல் மறைத்து வைத்திருக்கிறது. என் அழகு வந்து இறங்கும்வரை பெரியப்பா வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திருமண மண்டபம், கணக்குப்பிள்ளை, ஐயாவின் கட்டுரை, இப்போது பெரியப்பா. நான்கு முறை சொன்ன பிறகுதான் இந்த மண்டையில் ஏறியது.

இன்று என்ன செய்கிறேன் என்பதை, இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தத் தமிழ் ஃபான்ட் வந்தாலும், 'மணம், மனம், அண்ணன், பறவை, கூடு' என்று சின்ன அளவில் அடித்து, விலை குறைந்த ஒரு போனில், வெயிலில் நின்று பார்ப்பேன். சுழி அடைத்தால் தள்ளிவிடுவேன். ஆங்கிலத்துக்குப் போதும் அளவு தமிழுக்குப் போதாது. ஒரு பிடி கூட்டித்தான் வைப்பேன். நமக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் உண்டு. அதனால் வரிக்கு வரி இடைவெளியும் கூட்டுவேன். தமிழைச் சாய்த்துப் போடுவதில்லை. நம் எழுத்துக்கு அந்த வழக்கம் இல்லை. கம்ப்யூட்டர் தானாகச் சாய்த்தால் காற்றில் சரிந்த வேலி மாதிரி இருக்கிறது. ஃபான்ட் வருவதற்கு முன்னாலேயே போனில் உள்ள எழுத்தில் செய்தி தெரிய வேண்டும். அழகு மெதுவாக வரட்டும். நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம், 2008-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலின்படி, குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொண்டு நான் அதற்கும் மேலேயே வைக்கிறேன்.

அப்படியானால் அழகு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். இன்றைய போன் திரையில் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால், தடிப்பும் மெலிவுமான எழுத்தும் சுழி அடைக்காமல் நிற்கிறது. அன்று நான் ஆசைப்பட்டது இன்று தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் இப்போது முதலில் உள்ளே எழுத்து தமிழாகவே இருக்கிறதா என்று பார்க்கிறேன். அடுத்து, படிப்பவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடிக்கிறதா என்பது. 1998-இல் இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருந்தது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டில், உங்கள் துறையில், பழைய ஃபான்ட்டில் டைப் செய்த கோப்புகள் இருக்கும். அப்பா எழுதியது, சங்கத்தின் பழைய அறிக்கை, யாரோ ஒருவருடைய கவிதை. பழைய சிடியில், பழைய டிஸ்க்கில் கிடக்கும். இன்னும் திறக்க முடிகிறபோதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றத் தெரியாவிட்டால் ஒரு பக்கமாவது தாளில் அச்செடுத்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் சாவி. நம் மாணவர்கள் மூன்று பேர் நான்கு சனிக்கிழமையில் செய்ததை உங்களாலும் செய்ய முடியும்.

இன்று போனில் ஐயாவின் பெயரைத் தமிழில் அடித்துத் தேடினால் அவருடைய குளங்கள் கட்டுரை வருகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு தேடிப் பாருங்கள். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள்; கூட்டி வைக்கிறேன்.